நூலில் காற்று இல்லை

எங்கள் வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு பூகோள உருண்டை இருக்கிறது. குறுக்களவு முப்பது சென்டிமீட்டர். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் முப்பத்து மூன்று வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்ற அன்று, பழையதென்று மூலையில் ஒதுக்கி வைத்திருந்ததை நான் கேட்டு வாங்கிவந்தேன். அதில் சோவியத் யூனியன் இன்னும் ஒரே நிறத்தில் பரந்து கிடக்கிறது. சிங்கப்பூரின் பெயரை இப்போது படிக்க முடியாது. பிள்ளைகளின் விரல் பட்டுப் பட்டு அந்த இடம் வெளுத்துப்போய்விட்டது.

ஒவ்வோர் ஆண்டும் அதில் ஒரு பாடம் நடத்துவேன். “நியூயார்க் எந்தப் பக்கம்?” என்று கேட்பேன். பாதி வகுப்பு கிழக்கே கை நீட்டும், பசிபிக்கைத் தாண்டி. மீதிப் பாதி மேற்கே, இந்தியா, ஐரோப்பா, அட்லாண்டிக் என்று. இரண்டு கட்சிக்கும் ஆளுக்கொரு நூல் கொடுத்து, ஒரு முனையைச் சிங்கப்பூரிலும் மறுமுனையை நியூயார்க்கிலும் வைத்து இழுக்கச் சொல்வேன். தளர்வாகப் பிடித்தால் நூல் யார் சொன்ன பக்கமும் கிடக்கும். இறுக்க இறுக்க நழுவும். ஜப்பானில் இருந்த நூலும் ஜெர்மனியில் இருந்த நூலும் மேலே ஏறி, வட துருவத்தின் அருகே போய் ஒன்றாக நிற்கும். அப்போது வகுப்பில் எழும் சத்தத்தைக் கேட்கத்தான் வருஷம் முழுக்கக் காத்திருப்பேன்.

பிறகு கரும்பலகைக்கு வருவோம். சிங்கப்பூர் கிழக்கே ஏறக்குறைய 104 டிகிரி. நியூயார்க்கை ஒட்டியிருக்கும் நூவர்க் விமான நிலையம் மேற்கே 74 டிகிரி. கூட்டினால் 178. இன்னும் இரண்டு டிகிரி இருந்தால் இரண்டு ஊரும் பூமியின் அச்சுக்கு முதுகோடு முதுகு காட்டி நிற்கும். ஆகவே துருவத்தின் மேலேயே போவதாக வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம். சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு ஏறக்குறைய 89 டிகிரி, துருவத்திலிருந்து நூவர்க்குக்கு 49. மொத்தம் 138. டிகிரிக்கு 111 கிலோமீட்டர் என்றால் 15,318. புத்தகத்தில் போட்டிருக்கும் தூரம் 15,344. வெறும் பெருக்கலில் இருபத்தாறு கிலோமீட்டர் வித்தியாசத்துக்குள் வந்துவிடுகிறோம்! கணக்கில் இவ்வளவு கைமேல் பலன் தரும் பாடம் வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

அந்த ஊருக்கே நான் போவேன் என்று அப்போது நினைத்ததில்லை.

முதல் தடவை போனது 2011 மே மாதம். மகள் அங்கே பட்டம் வாங்கினாள். நானும் என் கணவரும் பிராங்க்பர்ட் வழியாகப் போனோம். சிங்கப்பூரிலிருந்து பிராங்க்பர்ட்டுக்கு ஏறத்தாழ 10,270 கிலோமீட்டர், பதின்மூன்று மணி நேரம். அங்கே இரண்டு மணி நேரம் நிறுத்தம். பிறகு அட்லாண்டிக்கைக் கடக்க எட்டரை மணி நேரத்துக்கு மேல். மொத்தத்தில் ஒரு முழு நாள். கூட்டிப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு போனதாக நாங்கள் நினைத்த வழி, நூல் காட்டிய வழியைவிட ஆயிரத்து நூறு கிலோமீட்டர்தான் கூடுதல். எதிர்ப்பக்கத்து ஊருக்கு எந்தப் பக்கம் போனாலும் பெரிய சுற்று இல்லை. அப்போதும் நேர் விமானம் ஒன்று இருந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004லேயே நான்கு இன்ஜின் ஏர்பஸ் ஏ340-500ஐ நூவர்க்குக்கு விடத் தொடங்கியிருந்தது. ஆனால் 2008 முதல் அதில் மொத்தமே நூறு இருக்கை, அத்தனையும் பிசினஸ் வகுப்பு. ஆசிரியைக்கு எட்டாத பழம். 2013இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். நான்கு இன்ஜினுக்கு எண்ணெய் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை.

2018 அக்டோபரில் இரண்டே இன்ஜினோடு ஏ350 விமானம் அந்தத் தடத்துக்கு வந்தது. அதன் மறு வருஷம் மகள் பிள்ளையாண்டிருந்தாள். செப்டம்பர் கடைசியில் நாள் சொல்லியிருந்தார்கள். அவர் வீட்டில் அம்மாவைப் பார்த்துக்கொள்வது, நான் தனியாகப் போவது என்று முடிவாயிற்று.

அம்மாவுக்கு அப்போது எண்பத்து மூன்று. 1956இல் கல்யாணமான கையோடு நாகப்பட்டினத்தில் எஸ்.எஸ். ரஜூலாவில் ஏறி வந்தவள். 1926இல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல் அது. தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து எத்தனை குடும்பங்களை மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கொண்டுவந்து இறக்கியது என்பதற்குக் கணக்கே இல்லை. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார், தஞ்சோங் பகாரில் குடியிருப்பு. அம்மா தளத்தில் பாய் விரித்து, ஒரு டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு ஏழு நாள் வந்தாள். ஒவ்வொரு நாளையும் தனித்தனியாகச் சொல்வாள். முதல் நாள் கரை மறைந்தது, மூன்றாம் நாள் பக்கத்துப் பாய்க்காரியின் குழந்தைக்குக் காய்ச்சல், பினாங்கில் கப்பல் நின்றபோது யாரோ வாங்கிவந்து கொடுத்த ரம்புத்தானை முள் என்று பயந்து தொடாமல் வைத்திருந்தது. அவளுக்குப் பயணம் என்றால் நடுவில் ஒரு பினாங்கு இருக்க வேண்டும்.

“நடுவுல எங்க நிக்கும்?” என்றாள்.

“எங்கயும் நிக்காதும்மா. ஒரே மூச்சு. பதினெட்டரை மணி நேரம்.”

அம்மா வாயைத் திறக்கவில்லை. வெற்றிலைப் பெட்டியை மூடி வைத்தாள். அவள் பயந்தால் அதுதான் அடையாளம்.

அவளுக்குப் பதில் சொல்லத் தெரியாமல், சாங்கியில் விமானப் பராமரிப்பில் பொறியாளராக இருக்கும் என் பழைய மாணவன் ஒருவனை வீட்டுக்குக் கூப்பிட்டேன். வந்தவன் முதலில் உருண்டையைத்தான் பார்த்தான். “டீச்சர், இன்னும் வச்சிருக்கீங்களா!” என்று நூல் கேட்டான். கொடுத்தேன். துருவத்துக்குப் பக்கத்தில் இறுக்கிப் பிடித்து, “நீங்க சொல்லிக்குடுத்தது இது. ஆனா நீங்க போகப்போற வழி இது இல்ல” என்று நூலைத் தளர்த்தி ஜப்பான் பக்கம் இறக்கினான். தைவானுக்குக் கிழக்கே, ஜப்பானை ஒட்டி, அலூசியன் தீவுகள், அலாஸ்கா, கனடா. “இது நீளம் கூட. பதினாறாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் வரைக்கும் பறப்போம். ஆனா சீக்கிரம் போயிடலாம்.”

நீளமான வழி எப்படிச் சீக்கிரமாகும் என்று நான் கேட்க வேண்டியதில்லை. கேள்வி முகத்திலேயே இருந்திருக்கும்.

“நூல்ல காத்து இல்லியே டீச்சர்.”

முப்பத்து மூன்று வருஷம் நான் சொல்லாமல் விட்டதை ஒரே வரியில் சொல்லிவிட்டான். எனக்கு வெட்கமாக இல்லை, சந்தோஷமாக இருந்தது. பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. ஜப்பானுக்கு மேலே அது உலகத்திலேயே பலமாக அடிக்கும் இடங்களில் ஒன்று. மணிக்கு இருநூறு கிலோமீட்டரைத் தாண்டுவது அங்கே சாதாரணம். காற்றைப் பொறுத்து விமானம் மணிக்குத் தொள்ளாயிரம் கிலோமீட்டர் பறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து காற்று நூற்றைம்பது தள்ளினால் தரைக்கு அது ஆயிரத்து ஐம்பது. எதிரே அடித்தால் எழுநூற்றைம்பது. விமானம் அதே விமானம், தூரம் அதே தூரம். பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். 1920களில் ஜப்பானில் வசபுரோ ஓய்ஷி என்ற வானிலை அறிஞர் பலூன்களைப் பறக்கவிட்டு இந்தக் காற்றை அளந்திருக்கிறார். உலகத்துக்கெல்லாம் தெரியட்டும் என்று எஸ்பெரான்டோ மொழியில் அறிக்கை எழுதியிருக்கிறார், எல்லா நாட்டாருக்கும் பொதுவாக உருவாக்கிய மொழி என்பதால். அதைப் படிக்க வெளியே அநேகமாக ஆளே இல்லை. 1944இல் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானிகள் ஜப்பானுக்கு மேலே அந்தக் காற்றில் மாட்டிக்கொண்டு திண்டாடினார்கள். ஓய்ஷியின் அட்டவணைகள் அதற்குப் பதினெட்டு வருஷம் முன்பே அச்சில் இருந்தன. அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். அளந்தது சரியாக இருந்தும் கேட்க ஆளில்லாமல் போவது பெரிய துக்கம்.

அம்மாவின் கேள்விக்கும் அவன் பதில் வைத்திருந்தான். இரண்டு இன்ஜின் விமானத்துக்கு ஒரு விதி உண்டு. ஒரு இன்ஜின் நின்றாலும் மற்றதை வைத்துக்கொண்டு குறிப்பிட்ட நிமிஷத்துக்குள் எட்டக்கூடிய தூரத்தில் எப்போதும் ஒரு விமான நிலையம் இருக்க வேண்டும். ஏ350க்கு 370 நிமிஷம் வரை அனுமதி கிடைத்திருக்கிறது. “பாட்டி, நிக்காதுதான். ஆனா நிக்க இடம் பாத்துப் பாத்துத்தான் போகும். பினாங்கு மாதிரி ஆங்கரேஜ்னு ஒரு ஊரு இருக்கு அங்க.” அம்மா வெற்றிலைப் பெட்டியைத் திறந்தாள்.

எண்ணெயைப் பற்றிச் சொன்னதுதான் அவளுக்கு ரொம்பப் பிடித்தது. அந்த விமானம் 1,65,000 லிட்டர் கொள்ளும். நிரப்பினால் நூற்று முப்பது டன்னுக்கு மேல். விமானம் அதிகபட்சம் 280 டன்னோடு கிளம்பலாம். கிட்டத்தட்டப் பாதி எடை எண்ணெய்தான். அந்த எண்ணெயைத் தூக்கிப் போகவே எண்ணெய் எரிய வேண்டும். அதனால்தான் உள்ளே 161 இருக்கை மட்டும் போட்டிருக்கிறார்கள், சாதாரண வகுப்பே கிடையாது.

“வண்டியில பாதி பாரம் மாட்டுக்கு வைக்கோலா?” என்றாள் அம்மா.

“அதேதான் பாட்டி.”

கிளம்பியது ஒரு திங்கட்கிழமை இரவு பதினொன்று முப்பத்தைந்துக்கு. பெட்டியில் பிரசவ லேகியம், பருப்புப் பொடி, தேக்காவில் வாங்கிய பூண்டு, வெள்ளைத்துணி. கையில் அப்பாவின் கடிகாரம். சாவி கொடுக்கிற கடிகாரம், ஒரு முறை முறுக்கினால் ஒன்றரை நாள் ஓடும். அப்பா போனதிலிருந்து நான்தான் கட்டுகிறேன்.

முதல் ஐந்து மணி நேரம் இருட்டு. விளக்கெல்லாம் அணைத்து, ஜன்னல்களை மூடிவிட்டிருந்தார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. முன்னிருக்கையின் திரையில் சின்ன விமானம் நகரும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிலிப்பைன்ஸைத் தாண்டியதும் ஜன்னல் மூடியை ஒரு விரலளவு தூக்கினேன். கீழ்வானம் செம்பு நிறத்தில் இருந்தது. செவ்வாய்க்கிழமை விடிகிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். ஜப்பானை ஒட்டிப் போகும்போது வேகம் 1,000ஐத் தாண்டியது. 1,020, 1,035, 1,050. பையன் சொன்ன காற்றாறு. வெளியே இலை அசைவது போன்ற அடையாளம் ஒன்றும் கிடையாது, இருக்கை கூட ஆடவில்லை. எண் மட்டும் ஏறுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கை முதுகில் இருப்பதை எண்ணில் பார்த்த பரவசத்தில் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பெண்ணை எழுப்பிக் காட்டலாமா என்று கூடத் தோன்றியது.

பிறகு கடல், நெடுநேரம் கடல். அதன் நடுவே எங்கோ சர்வதேசத் தேதிக் கோட்டைக் கடந்தோம். மேகத்துக்கு மேலே வெயில் அப்படியேதான் இருந்தது. ஆனால் செவ்வாய் போய், மறுபடி திங்கட்கிழமை மதியம் ஆகிவிட்டது. பன்னிரண்டாவது மணி நேரத்தில், இடப்பக்கம் எங்கோ அலாஸ்கா இருக்கும்போது, சூரியன் பின்னால் இறங்கியது. கிழக்கே ஓடிக்கொண்டே இருந்ததால் பகல் எட்டு மணி நேரம் கூடத் தாங்கவில்லை. மறுபடி இருட்டு, கனடா முழுவதும் இருட்டு. விடியற்காலை ஆறு மணிக்கு நூவர்க்கில் இறங்கியபோது வானம் இன்னும் வெளுக்கவில்லை. கிழமை செவ்வாய்.

திங்கள் இரவு கிளம்பி, செவ்வாய் விடியுமுன் வந்தாயிற்று. நாட்காட்டியைக் கேட்டால் ஒரே ராத்திரிப் பயணம். நானோ இரண்டு ராத்திரியையும் நடுவில் ஒரு பகலையும் கண்ணால் பார்த்திருந்தேன். திங்கட்கிழமைக்கு இரண்டு அந்தி, செவ்வாய்க்கு இரண்டு விடியல். தேதிக் கோட்டையும் எத்தனையோ தடவை கரும்பலகையில் போட்டிருக்கிறேன். கூட்டல் கழித்தலாகத் தெரிந்த ஒன்றை வெளிச்சமாகப் பார்த்தது அன்றுதான்.

குடிநுழைவு வரிசையில் நிற்கும்போது கடிகாரத்தைத் திருப்பி வைக்கலாம் என்று கையைத் தூக்கினேன். மணி ஆறேகால். சுவரிலும் ஆறேகால். சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் கோடைக்காலத்தில் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நின்றுவிட்டேன். பதினெட்டரை மணி நேரம் பறந்து உலகத்தின் மறுபக்கம் வந்திருக்கிறேன், அப்பாவின் கடிகாரத்தில் முள்ளைத் தொட வேண்டிய வேலையே இல்லை. அப்பாவுக்கு ஊரிலிருந்து சிங்கப்பூர் வந்தவுடன் முள்ளைத் திருப்ப வேண்டியிருந்திருக்கும்.

பேத்தி அந்த வாரமே பிறந்தாள். அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரை வேறு எங்கோ போய்விடும். ஒன்று மட்டும். தினமும் அங்கே மாலை ஏழு மணிக்கு, இங்கே காலை ஏழு மணிக்கு, அம்மாவைப் படத்தோடு தொலைபேசியில் கூப்பிடுவோம். அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள், நான் கையைத் தூக்கி இந்தக் கடிகாரத்தைக் காட்டுவேன். இரண்டிலும் ஏழு. “பக்கத்து புளோக்குலதான் இருக்கே” என்பாள்.

திரும்பியது அக்டோபர் நடுவில், தீபாவளிக்கு முன்னால். காலை பத்தே முக்காலுக்குக் கிளம்பிய விமானம் வந்த வழியே போகவில்லை. அட்லாண்டிக்கின் மேல் கிழக்கே போயிற்று. போகும்போது தள்ளிய அதே மேல்காற்று இப்போதும் முதுகில். ஐரோப்பாவை இருட்டில் கடந்து, காஸ்பியன் கடல் தாண்டி விடிந்து, மறுநாள் மாலை ஐந்தரைக்குச் சாங்கி. வரும்போதுதான் உறைத்தது, நான் கிழக்கே போய்க் கிழக்கேயே திரும்பியிருக்கிறேன். ஒரு தடவை கூட மேற்கே முகம் திருப்பாமல் பூமியை ஒரு சுற்றுச் சுற்றி வீட்டுக்கு வந்திருக்கிறேன். என் வகுப்பில் கிழக்கே கை நீட்டிய பிள்ளைகள், மேற்கே கை நீட்டிய பிள்ளைகள், எல்லாருடைய பாதையிலும் போய்வந்தாயிற்று. நூல் சொன்ன துருவத்துப் பக்கம் மட்டும் போகவில்லை.

அன்று இரவே அம்மா உருண்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். “எந்தப் பக்கமா போனே, எந்தப் பக்கமா வந்தே, காட்டு” என்றாள். காட்டினேன். நூலை வாங்கிக்கொண்டாள். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு வைத்துப் பார்த்தாள், ஒன்றரைச் சாண். பிறகு கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, நான் சொல்லாமலே, நாகப்பட்டினம் இருக்கும் இடத்தைத் தேடி ஒரு முனையை வைத்தாள். மறுமுனையை அந்த வெளுத்த இடத்தில் வைத்தாள். விரலால் அளந்தாள். நாலு விரற்கடை.

“இதுக்கா ஏழு நாளு வந்தேன்?”

அவள் குரலில் குறை எதுவும் இல்லை. அந்த நாலு விரற்கடைக்குள் ஏழு நாளும் எப்படி அடங்கியிருக்கின்றன என்று ஒவ்வொன்றாகத் தேடுகிறவள் போல விரலை நகர்த்திக்கொண்டே இருந்தாள். ஓரிடத்தில் நிறுத்தி, “இங்கதான் கரை மறைஞ்சுது” என்றாள்.

நவம்பர் நான்காம் தேதி, திங்கட்கிழமை. காலை ஏழுக்கு அம்மா குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, தொலைபேசிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மணி அடிக்கவில்லை. ஏழரை வரை பார்த்துவிட்டு நானே கூப்பிட்டேன். மகள் எடுத்தாள். “என்னம்மா, இங்க இப்பத்தான் ஆறரை. பாப்பாவ இன்னும் குளிப்பாட்டல” என்றாள். முந்தின நாள் அங்கே கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துவிட்டார்கள். குளிர்காலக் கணக்கு. இனி மார்ச் வரை பதின்மூன்று மணி நேரம்.

அம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன். கடிகாரத்தை ஏன் திருப்பினார்கள் என்பது அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் அவள் எழுந்து போய் உருண்டையை எடுத்துவந்தாள். சிங்கப்பூரில் ஒரு முனை, நியூயார்க்கில் ஒரு முனை, நூலை இறுக்கிப் பிடித்துச் சாணால் அளந்தாள். பிறகு இன்னொரு முறை அளந்தாள்.

“நீளம் கூடல” என்றாள் என்னிடம்.